கருத்தடை செய்யாத ஆண் நாயும் பெட்டையும் ஒரே வீட்டில்: முழுமையான வழிகாட்டி

கருத்தடை அறுவை செய்யாத ஓர் ஆண் நாயையும் ஒரு பெட்டையையும் ஒரே கூரையின் கீழ் வைத்துக்கொண்டு, எதிர்பாராத குட்டிகள் இல்லாமல் ஆண்டுகளைக் கடத்த வேண்டியவர்களுக்காக இதை எழுதுகிறேன். எங்கள் வீட்டில் செவலை என்ற சிப்பிப்பாறை ஆணும் பூச்சி என்ற நாட்டுப் பெட்டையும் ஆறு ஆண்டுகளுக்கு மேல் அப்படி இருந்தன. பூச்சிக்கு இதயத்தில் இரைச்சல் கேட்டதால் மயக்க மருந்து கொடுப்பதை மருத்துவர் தள்ளிப்போட்டார்; செவலையிடமிருந்து ஓர் ஈற்றாவது எடுக்க வேண்டும் என்று அப்பா பிடிவாதமாக இருந்தார். அந்தக் காலத்தில் பூச்சி பத்து முறை பருவத்துக்கு வந்தாள். ஒன்பது முறை தப்பித்தோம், ஒரு முறை கோட்டைவிட்டோம். அந்த ஒரு முறையும் குற்றம் நாய்களிடம் இல்லை, கதவைத் திறந்தவர்களிடம்தான் இருந்தது. பின்னர் உறவினர், அண்டை வீட்டார் என்று நான்கைந்து வீடுகளுக்கு இந்த ஏற்பாட்டைச் செய்துகொடுத்தபோதும் அதே தவறுகளையே திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆகவே படிகளின் வரிசையை மாற்றாதீர்கள்.

1. எவ்வளவு காலத்துக்கு என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்

அறுவை செய்யாமல் வைத்திருப்பதற்கான காரணத்தையும், அது எந்த மாதம் முடியும் என்பதையும் ஒரு தாளில் எழுதி வையுங்கள். பெரிய இனக் குட்டியின் எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்று காத்திருப்பவருக்கு ஓரிரு பருவங்களைச் சமாளித்தால் போதும். இணைசேர்க்கும் எண்ணத்தில் இருப்பவர் பல ஆண்டுகள் ஓட வேண்டியிருக்கும். ஒரு பருவத்துக்கு ஒரு நாயை மாமா வீட்டுக்கு அனுப்பிச் சமாளிக்கலாம். பத்துப் பருவங்களுக்கு மாமாவும் ஒத்துக்கொள்ள மாட்டார், நாயும் ஒத்துக்கொள்ளாது.

அடுத்து, வீட்டை நேர்மையாக அளந்து பாருங்கள். இரண்டு நாய்களுக்கும் இடையில் எப்போதும் இரண்டு மூடிய கதவுகள் இருக்கும்படி மூன்று, நான்கு வாரம் வாழ முடியுமா என்பதே கேள்வி. ஒற்றைப் படுக்கையறை அடுக்ககத்தில் அது நடக்காது. அங்கே ஒரு நாயை வேறெங்காவது தங்கவைப்பதற்கான இடத்தை முன்பே பேசி வைப்பது ஒன்றே வழி. அதுவும் இல்லையென்றால் ஒரு நாய்க்காவது அறுவை செய்துவிடுங்கள்.

ஒரே ஈற்றில் பிறந்தவை, அல்லது தாயும் மகனும் என்றால் ஒன்றும் ஆகாது என்று நம்புபவர்கள் ஏராளம். நாய்களுக்கு அந்த உறவு முறையெல்லாம் கிடையாது. ஆறேழு மாத அண்ணனிடம் ஆறேழு மாதத் தங்கை சினையாவது அடிக்கடி நடப்பதுதான். வளர்ச்சி முடியாத உடம்பில் சுமப்பதோடு, நெருங்கிய இரத்த உறவில் பிறக்கும் குட்டிகளுக்குப் பரம்பரைக் குறைகள் வரும் வாய்ப்பும் கூடுகிறது.

2. இரத்தம் வருவதற்கு முன்பே இருக்க வேண்டியவை

பெரும்பாலான வீடுகள் தோற்பது இந்த இடத்தில்தான். பெட்டை சொட்டத் தொடங்கிய பிறகு வெல்டிங் பட்டறைக்கு ஓடினால், அவர் வந்து அளவெடுத்து கேட் செய்து மாட்டுவதற்குள் பருவம் பாதி முடிந்திருக்கும். பெட்டைக்கு ஐந்து மாதம் ஆகும்போதே இவை தயாராக இருக்கட்டும்.

முதலாவது, ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு தடுப்புகள். எங்கள் வீட்டில் பூச்சியின் இடம் உள்ளறை. அதன் கதவுக்கு வெளியே கூடத்தை மறிக்கும் இரும்பு கேட் ஒன்று. ஒரு கதவு தவறினாலும் மற்றொன்று தாங்கும். ஒற்றைக் கதவை நம்பினால், அதைத் திறக்கும் ஒவ்வொரு முறையும் நாயின் வேகத்தோடு உங்கள் முழங்கால் போட்டி போட வேண்டும். சிப்பிப்பாறையோடு போட்டியிட்டு வென்ற முழங்காலை நான் பார்த்ததில்லை.

இரண்டாவது, கம்பி இடைவெளியை அடைப்பது. கிரில் கேட்டுக்கு இருபுறமும் நிற்கும் நாய்கள் கம்பிகளுக்கு இடையிலேயே இணைந்துவிட முடியும். பெட்டை ஒத்துழைக்கும் நாட்களில் அவளே பின்புறத்தைக் கம்பியோடு ஒட்டிக்கொண்டு நிற்பாள். ஆகவே தரையிலிருந்து மூன்றடி உயரத்துக்குத் தகரமோ ஒட்டுப்பலகையோ அடித்து மூடிவிடுங்கள். குழந்தைகளுக்காக விற்கும் பிளாஸ்டிக் மடிப்புத் தடுப்புகளை வாங்கிப் பணத்தை வீணாக்க வேண்டாம்.

மூன்றாவது, தாழ்ப்பாள். கீழே அழுத்தித் திறக்கும் கைப்பிடியைப் பல நாய்கள் ஒரே வாரத்தில் கற்றுக்கொள்கின்றன. மேலே, மனிதரின் தோள் உயரத்தில், பக்கவாட்டில் இழுக்கும் கொண்டி போடுங்கள். மதிலுக்கும் இதே கவனம் வேண்டும். செவலை ஐந்தடி மதிலை நின்ற இடத்திலிருந்து தாண்டுவான். கேட்டுக்கு அடியில் மண்தரை இருந்தால் தோண்டவும் செய்வான். அடியில் சிமென்ட் பூசி, தாண்டக்கூடிய இடத்தில் கம்பிவலையை உள்பக்கமாகச் சாய்த்துக் கட்டினோம்.

இவற்றோடு இரண்டு உறுதியான கழுத்துப்பட்டைகள், வார்கள், தனித்தனி உணவுத் தட்டுகள், அடிக்கடி துவைக்கக்கூடிய பழைய பருத்திப் புடவைகள் ஆகியவையும் வேண்டும். இரண்டு நாய்களுக்கும் வெறிநோய் உள்ளிட்ட தடுப்பூசிகள் நாள் தவறாமல் போடப்பட்டிருக்க வேண்டும், ஏனெனில் பருவ நாட்களில் உங்கள் வாசலுக்குத் தெரு நாய்கள் வராமல் இருக்கப்போவதில்லை.

3. நாட்காட்டியில் குறிக்கப் பழகுங்கள்

முதல் பருவம் சிறிய இனங்களில் ஆறாம் மாதத்திலேயே வரலாம். பெரிய இனங்களில் ஒன்றரை வயது, சிலவற்றில் இரண்டு வயது வரைகூடத் தள்ளிப்போகும். பிறகு சராசரியாக ஏழு மாதத்துக்கு ஒரு முறை என்றாலும், ஐந்து மாத இடைவெளி முதல் பதினொரு மாத இடைவெளி வரை எல்லாமே இயல்புதான். ஒவ்வொரு பெட்டைக்கும் தனக்கென்று ஒரு கணக்கு உண்டு. அது இரண்டு, மூன்று பருவங்களைக் குறித்த பிறகே பிடிபடும்.

மார்கழி மாதத்து நாய் என்று வழக்கில் சொல்வதை வைத்துக்கொண்டு, மற்ற மாதங்களில் நிம்மதியாக இருக்கலாம் என்று நினைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வீட்டில் வளரும் பெட்டை எந்த மாதத்திலும் பருவத்துக்கு வருவாள். பூச்சியின் பத்துப் பருவங்களில் மார்கழியில் வந்தது ஒன்றே ஒன்று.

எங்கள் வீட்டு தினசரி நாட்காட்டியின் தாள்களைக் கிழித்து எறியாமல் கம்பியில் குத்தி வைத்தோம். ஒரு பருவத்தின் தாள்களில் அம்மாவின் கையெழுத்தில் இருந்தவை இவை: “1: துணியில் புள்ளி. 4: நல்ல சிவப்பு. 9: வெளிறியது. 11: வைக்கோல் நிறம், வாலை ஒதுக்குகிறாள். 19: இன்னும் ஒதுக்குகிறாள். 22: உறுமினாள்.” இந்த ஆறு வரிகள் அடுத்த பருவத்தில் எங்களுக்கு உதவிய அளவுக்கு வேறெதுவும் உதவவில்லை.

4. தொடக்கத்தைக் கண்டுபிடிக்கும் முறை

பருவம் வரலாம் என்று கணக்கிட்ட தேதிக்கு ஒரு மாதம் முன்பிருந்தே, தினமும் காலையில் பெட்டையின் பிறப்புறுப்பை வெள்ளைப் பருத்தித் துணியால் மெதுவாக ஒற்றிப் பாருங்கள். தரையில் சொட்டும் வரை காத்திருக்கக் கூடாது. தன்னை நக்கிச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் பெட்டைகளிடம் ஒரு சொட்டுக்கூடத் தரைக்கு வராது. வெளியே தெரியும் இரத்தமே இல்லாத பருவங்களும் உண்டு.

துணியில் நிறம் தெரிவதற்கு முன்பே வேறு சில அறிகுறிகள் வரும். பிறப்புறுப்பு வீங்கும்; அவள் அடிக்கடி, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுநீர் கழிப்பாள். ஆணைக் கவனிப்பது இதைவிட எளிது. அவள் சிறுநீர் கழித்த இடத்தைச் செவலை நக்கிவிட்டுத் தலையை உயர்த்திப் பற்களைத் தந்தியடிப்பதுபோல் கடகடவென்று ஆட்டுவான். அந்தச் சத்தம் கேட்ட நாளில் துணியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் பிரித்துவிடுவோம். ஒரு முறைகூட அவன் கணக்குத் தவறவில்லை.

ஓர் எச்சரிக்கை: பருவத்துக்கான வீக்கமே இல்லாமல் வாரக்கணக்கில் இரத்தம் சொட்டினால், அது பருவம் என்று எண்ணிவிடாதீர்கள். இணைசேரும்போதும் நக்கும்போதும் நாயிலிருந்து நாய்க்குத் தொற்றும் ஒரு வகைப் பால்வினைக் கட்டி நம் ஊர்த் தெரு நாய்களிடம் பரவலாக உண்டு. அதன் அறிகுறியும் இந்தச் சொட்டுதான். உள்ளே பூக்கோசுபோல் சிவந்த சதை தென்படும். புற்றுநோய்க்கான வின்கிரிஸ்டின் என்ற ஊசி மருந்தை வாரம் ஒரு முறை எனச் சில வாரங்கள் போட்டால் பெரும்பாலும் குணமாகிவிடும், ஆனால் மருத்துவர் பார்க்காமல் நாமாக எதுவும் செய்ய முடியாது.

5. முதல் நாளே பிரியுங்கள், வரிசை மாறாமல்

இரத்தம் தெரிந்த நாளை முதல் நாளாக எண்ணி, அன்று இரவுக்குள் பிரித்துவிட வேண்டும். முதல் ஒரு வாரம் பெட்டை ஆணைக் கடித்து விரட்டுவாள். “அவளே விட மாட்டேன் என்கிறாள், நாம் எதற்குப் பிரிக்க வேண்டும்?” என்று இந்தக் கட்டத்தில்தான் கேட்பார்கள். அவள் மனம் மாறும் நேரத்தை உங்களிடம் சொல்லிவிட்டு மாற மாட்டாள். அது நடு இரவாகவும் இருக்கலாம்.

யாரை எங்கே வைப்பது? பெட்டை வீட்டின் மிக உட்புற அறையில் இருக்கட்டும். வெளி நாய்களுக்கும் அவளுக்கும் இடையில் சுவர்கள் கூடும் என்பதே காரணம். ஆணை அவளிடமிருந்து எவ்வளவு தூரம் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளுங்கள். உறவினர் வீட்டுக்கு ஒரு நாயை அனுப்ப வாய்ப்பிருந்தால் ஆணையே அனுப்புங்கள். பெட்டையை அனுப்பினால் அவள் வாசனையும் தெரு நாய்களும் அந்த வீட்டுக்குப் போகும்; பழகாத வீட்டிலிருந்து அவள் தப்பி ஓடினால் தேடிப் பிடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

நாய்களை வெளியே எடுக்கும் வரிசை இதுதான். முதலில் ஆணை அவன் இடத்தில் அடைத்து, கொண்டி போட்டு, கொண்டியைக் கையால் ஒரு முறை இழுத்துப் பாருங்கள். பிறகுதான் பெட்டையின் கதவைத் தொட வேண்டும், அவள் அதைத் தாண்டி வெளியே வருவதற்கு முன் அவள் கழுத்தில் வார் ஏறியிருக்க வேண்டும். திரும்பும்போது அவள் உள்ளே போய், இரண்டு தடுப்புகளும் மூடிய பிறகே ஆணை விடலாம். வீட்டில் ஒருவருக்கு மேல் இருந்தால், யார் எதைத் திறப்பது என்பதை ஒருவரிடமே ஒப்படையுங்கள். “நான் பூட்டிவிட்டேன் என்று நினைத்தேன்” என்ற வாக்கியத்துக்குப் பிறந்த குட்டிகள் நாட்டில் கணக்கில் அடங்காது.

கேட்டில் ஒரு அட்டை தொங்கவிடுங்கள். எங்கள் அட்டையின் ஒரு பக்கம் “பூச்சி வெளியே”, மறுபக்கம் “பூச்சி உள்ளே”. கேலியாகத் தெரியலாம். வேலைக்கு வரும் அக்கா, பள்ளி முடிந்து வரும் பிள்ளைகள், தாத்தா என்று எல்லோருக்கும் ஒரே பார்வையில் புரியும் வேறு வழி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

6. இரத்தம் குறையும் நாட்களே ஆபத்தான நாட்கள்

புதியவர்கள் அதிகமாக ஏமாறுவது இங்கே. இரத்தம் நன்றாகச் சிவந்து சொட்டும் முதல் கட்டம் சராசரியாக ஒன்பது நாள். அது மூன்று நாளிலும் முடியலாம், பதினேழு நாள் வரையும் நீளலாம். அடுத்த கட்டம்தான் கருத்தரிக்கும் கட்டம். அதுவும் சராசரி ஒன்பது நாள், மூன்று முதல் இருபத்தொரு நாள் வரை மாறும். இந்த இரண்டாம் கட்டத்தில் இரத்தம் வெளிறி வைக்கோல் நிறமாகிறது, வீக்கம் சற்றுத் தளர்கிறது. சிவப்பு நின்றதைப் பார்த்ததும் முடிந்துவிட்டது என்று வீட்டார் கதவைத் திறந்துவிடுகிறார்கள். உண்மையில் அன்றுதான் தொடங்குகிறது.

கையால் சோதிக்கலாம்: வாலின் அடிப்பகுதிக்கு அருகே லேசாகச் சொறிந்தால், இந்தக் கட்டத்தில் இருக்கும் பெட்டை வாலை ஒரு பக்கமாக ஒதுக்கி அசையாமல் நிற்பாள். ஒதுக்கினால் ஆபத்து உறுதி. ஒதுக்காவிட்டால் ஆபத்தில்லை என்று பொருளல்ல. துல்லியமாகத் தெரிய வேண்டுமானால் கால்நடை மருத்துவரிடம் ஸ்மியர் பரிசோதனையோ (பிறப்புறுப்பின் செல்களை நுண்ணோக்கியில் பார்ப்பது) இரத்தத்தில் புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனின் அளவோ பார்க்கலாம். பிரித்து வைப்பதற்கு மட்டும் என்றால் அந்தச் செலவு தேவையில்லை, நாட்களை எண்ணுவதே போதும்.

எங்கள் தவறு நடந்தது நான்காம் பருவத்தின் பதினேழாம் நாள். காலை பத்தரை மணிக்குச் சிலிண்டர் வந்தது. சிலிண்டரை உருட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போக வழி விடுவதற்காகக் கூடத்து இரும்பு கேட்டைத் திறந்து வைத்தேன். உள்ளறைக் கதவு மூடித்தான் இருந்தது. பணம் எடுக்க அந்த அறைக்குள் போன அம்மாவுக்கு நான் கேட்டைத் திறந்தது தெரியாது. ஒரு கை பீரோச் சாவியைத் தேடிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் பூச்சி அவர் காலடியில் நுழைந்து வெளியே போனாள். பில்லில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் திரும்பியபோது, துவைக்கும் கல்லுக்கு அருகில் இரண்டும் பிணைந்து நின்றன. அன்றிலிருந்து சிலிண்டர், தண்ணீர் கேன், கொரியர் எல்லாவற்றுக்கும் வாசல் திண்ணைதான் எல்லை.

பெட்டைக்குப் போடும் டயப்பர் தரையைக் காக்கும், கருவைத் தடுக்காது. ஆண் அதைப் பல்லால் கிழிக்க எடுக்கும் நேரம் மிகக் குறைவு, சில பெட்டைகள் தாங்களே கழற்றிவிடுகின்றன. பருவமே வராமல் இருக்க ஊசி போடலாமே என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். அந்த வகை ஹார்மோன் ஊசிகள் கர்ப்பப்பையில் சீழ் பிடிப்பதற்கும், மடிக்கட்டிகளுக்கும், நீரிழிவுக்கும் வழிவகுக்கக்கூடியவை.

7. ஆணை மறந்துவிடாதீர்கள்

எல்லாக் கவனமும் பெட்டையின் மீது போய்விட, ஆண் மூன்று வாரம் உண்ணாமல் ஊளையிட்டுக்கொண்டு கிடப்பான். செவலை ஒரு பருவத்தில் இரண்டு கிலோ இளைத்தான். வழக்கமான உணவைச் சிறு பங்குகளாக, விடியற்காலையிலும் பின்னிரவிலும் வைத்தால் கொஞ்சம் சாப்பிடுவான்; தண்ணீர் குடிக்கிறானா என்பதைத் தனியாகக் கவனியுங்கள். முழுதாக இரண்டு நாள் எதையும் தொடாவிட்டால், வாந்தி அல்லது காய்ச்சல் இருந்தால், இதைப் பருவத்தின் மேல் போட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

பெட்டையின் புடவைகளையும் தட்டையும் அவன் இருக்கும் பக்கம் கொண்டுவராதீர்கள். அவளைத் தூக்கிய கையோடும் உடையோடும் அவனிடம் போனால், நீங்கள் போன பிறகு கதவைப் பிறாண்டுவது கூடும். அவள் சிறுநீர் கழித்த தரையை உடனே கழுவிவிடுங்கள். வாசனையை மறைப்பதற்காகத் தைலம் தடவும் வழக்கம் வேண்டாம். ஆணின் மூக்கு அதைப் பொருட்படுத்தாது, பெட்டை அதை நக்கி வயிற்றைக் கெடுத்துக்கொள்வாள்.

அடிப்பதாலும் அதட்டுவதாலும் ஒரு பயனும் இல்லை. மதிய வெயிலைத் தவிர்த்து, காலையும் மாலையும் வழக்கத்தைவிட நீண்ட நடைக்கு அழைத்துச் செல்லுங்கள். களைத்த நாய் இரவில் சற்று உறங்கும், உங்களையும் உறங்கவிடும். வீட்டில் இரண்டு ஆண்கள் இருந்தால், அதுவரை ஒரே தட்டில் தின்றவையாக இருந்தாலும் அந்த மூன்று வாரத்துக்கு அவற்றையும் தனித்தனியாக அடையுங்கள். பருவ நாட்களில் நடக்கும் சண்டை விளையாட்டுச் சண்டையாக இருக்காது.

8. தெருவும் வாசலும்

முடிந்தவரை பெட்டையைத் தெருவுக்குக் கூட்டிச் செல்லாமல், மொட்டைமாடியிலோ சுற்றுச்சுவருக்குள்ளோ வாரோடு சிறுநீர் கழிக்க வையுங்கள். மாடியிலும் தனியே விடக்கூடாது. பக்கத்து வீட்டு மாடியிலிருந்து தாவி வந்த ஆணை எனக்குத் தெரியும். தெருவுக்குப் போய்த்தான் ஆக வேண்டுமென்றால், தெரு நாய்கள் ஒதுங்கிக் கிடக்கும் நேரத்தைப் பார்த்து, குட்டையான வாரில், வாசலிலிருந்து சற்றுத் தூரம் தூக்கிக்கொண்டோ வண்டியில் வைத்தோ போய் இறக்கிவிடுங்கள். அவள் காலடியும் சிறுநீரும் வாசல் வரை கோடு போட்டால், அதே கோட்டைப் பிடித்துக்கொண்டு மற்றவை வந்து உட்காரும். வாசலில் தண்ணீர் வாளி தயாராக இருக்கட்டும்.

9. எப்போது மீண்டும் சேர்ப்பது

மூன்று நிபந்தனைகளும் ஒன்றாக நிறைவேற வேண்டும். முதல் நாளிலிருந்து இருபத்தெட்டு நாட்களாவது கடந்திருக்க வேண்டும். வீக்கம் முழுவதும் வற்றியிருக்க வேண்டும். வாலை ஒதுக்குவது நின்று குறைந்தது ஏழு நாட்கள் ஆகியிருக்க வேண்டும். இருபத்தொரு நாள் போதும் என்று பலர் சொல்வார்கள். சராசரிப் பெட்டைக்கு அது போதலாம். உங்கள் பெட்டை சராசரி என்பதற்கு யார் உறுதி தருவது?

சேர்ப்பதற்கு முந்தின நாள் அவளைக் குளிப்பாட்டி, அவள் இருந்த அறையைக் கழுவி, புடவைகளைத் துவைத்துவிடுங்கள். வாசனை மிச்சமிருந்தால் ஆண் அவளை விடாமல் துரத்துவான், அவள் கடிப்பாள். முதல் சந்திப்பு இரண்டுக்கும் வார் போட்டு, வெளியில் நடக்கும்போதே நிகழட்டும். இளம் பெட்டைகளில் சில நேரம் அறிகுறிகள் ஒரு வாரத்தில் நின்று, ஓரிரு மாதங்களுக்குள் மறுபடி தொடங்கும். கருத்தரிப்பு அந்த இரண்டாம் சுற்றில்தான் நிகழும். முதல் பருவம் வழக்கத்துக்கு மாறாகச் சட்டென்று முடிந்தால், காலைத் துணிச் சோதனையை நிறுத்தாதீர்கள்.

10. கைமீறிப் போனால்

பிணைந்து நிற்கும் நாய்களைப் பிரித்து இழுக்கக் கூடாது. ஆணின் உறுப்பின் அடிப்பகுதி பெட்டைக்குள் வீங்கியிருப்பதால் பிணைப்பு ஏற்படுகிறது. இழுத்தால் இரண்டுக்கும் உள்காயம் உண்டாகும். தண்ணீர் ஊற்றுவது, குச்சியால் அடிப்பது எல்லாம் அவற்றை மிரளவைத்து அதே காயத்தை உண்டாக்கும். ஐந்து நிமிடத்திலும் முடியலாம், முக்கால் மணி நேரமும் ஆகலாம். பெட்டையின் தலைப்பக்கம் ஒருவர் உட்கார்ந்து, அவள் உட்காராமலும் உருளாமலும் பிடித்துக்கொள்வதே செய்யக்கூடியது.

பிரிந்ததும் தேதியையும் நேரத்தையும் எழுதிவிட்டு, இரண்டையும் பழையபடி அடையுங்கள். நடந்தது நடந்துவிட்டது, இனி எதற்கு என்று விட்டுவிடுவது அடுத்த தவறு. ஆணின் விந்தணு பெட்டையின் உடலில் பல நாட்கள் உயிரோடு இருக்கும். அவளோ இன்னும் பருவத்தில்தான் இருக்கிறாள். சுவர் தாண்டி வேறொரு நாய் வந்தால் ஒரே ஈற்றில் இரண்டு தகப்பன்களின் குட்டிகளும் பிறக்கும்.

மறுநாளே கால்நடை மருத்துவரைப் பாருங்கள். மனிதர்களுக்கான கருத்தடை மாத்திரைகளை மருந்துக்கடையில் வாங்கிக் கொடுக்காதீர்கள். உடனே ஈஸ்ட்ரோஜன் ஊசி போட்டுவிடச் சொல்லி வற்புறுத்தவும் வேண்டாம். அது எலும்பு மச்சையைப் பாதித்து இரத்தச்சோகையையும், கர்ப்பப்பையில் சீழையும் உண்டாக்கக்கூடியது. மருந்தால் கருவைக் கலைப்பதா, சில வாரங்களில் கர்ப்பப்பையை நீக்கும் அறுவை செய்வதா, ஈனவிடுவதா என்பதைப் பெட்டையின் வயதையும் உடல்நிலையையும் பார்த்து மருத்துவர் சொல்லட்டும். நான்கு வாரம் ஆனால் ஸ்கேனில் சினை தெரியும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். இணைசேர்ந்த நாளிலிருந்து எண்ணினால் ஒரு வாரம் முன்பின் ஆகும். பூச்சி அறுபத்திரண்டாம் நாள் நான்கு குட்டிகள் ஈன்றாள். இதய இரைச்சல் இருந்ததால் அந்த இரண்டு மாதமும் நாங்கள் தூங்கவில்லை. நான்கு குட்டிகளுக்கும் வீடு தேடி முடிக்க ஐந்து மாதம் ஆனது.

11. பருவத்துக்குப் பிந்தைய இரண்டு மாதம்

ஆண் அருகில் வராவிட்டாலும், ஆறு, எட்டு வாரம் கழித்துப் பெட்டைக்கு மடி வீங்கலாம், பால் சுரக்கலாம், செருப்பையோ பொம்மையையோ குட்டியாக எண்ணிக் காவல் காக்கலாம். இது பொய்ச்சினை, பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தானாக அடங்கும். பாலைக் கறந்துவிடாதீர்கள், கறக்கக் கறக்கச் சுரக்கும்.

அஞ்ச வேண்டியது வேறொன்று. பருவம் முடிந்து நான்கு முதல் எட்டு வாரத்துக்குள் பெட்டை அளவுக்கு மீறித் தண்ணீர் குடித்து, அடிக்கடி சிறுநீர் கழித்து, சோர்ந்து, உணவை ஒதுக்கினால் கர்ப்பப்பையில் சீழ் பிடித்திருக்கலாம். நாற்றமடிக்கும் கசிவு இருந்தால் சந்தேகம் வலுக்கும். கர்ப்பப்பை வாய் மூடியிருந்தால் கசிவே இல்லாமலும் இருக்கும், அதுதான் கூடுதல் ஆபத்து. மறுநாள் காலை வரை காத்திருக்கும் நோய் அல்ல இது. அறுவை செய்யாத பெட்டைக்கு வயது ஏற ஏற ஒவ்வொரு பருவத்துக்குப் பிறகும் இந்த வாய்ப்பு கூடுகிறது என்பதால், ஐந்து வயதைக் கடந்தவள் எத்தனை லிட்டர் குடிக்கிறாள் என்பதைக்கூட நாங்கள் அளந்து பார்த்தோம்.

12. அறுவைக்கு முடிவெடுத்தால்

ஒரு நாய்க்குத்தான் இப்போது முடியும் என்றால், என் கருத்தில் பெட்டையே முதலில். ஆணுக்குச் செய்வது எளிது, செலவும் குறைவு. ஆனால் அவனுக்குச் செய்த பிறகும் பருவம் வரும், தெரு நாய்கள் வரும், சீழ் நோயின் அச்சமும் அப்படியே இருக்கும். பெட்டைக்குச் செய்தால் இந்த மூன்றும் ஒன்றாகத் தீர்கின்றன. மருத்துவர் அவள் உடல்நிலை தாங்காது என்றால் மட்டும் ஆணுக்கு முதலில் செய்யுங்கள்.

பெட்டைக்குப் பருவம் முடிந்து இரண்டு, மூன்று மாதம் கழித்து நாள் குறியுங்கள். பருவத்தின்போது அந்தப் பகுதியில் இரத்த ஓட்டம் மிகுந்திருக்கும், இரத்தக்கசிவின் ஆபத்தும் கூடும். ஆணுக்குச் செய்தால் அடுத்த ஆறு வாரம் அவனை அறுவை செய்யாதவனாகவே எண்ணிப் பிரித்து வையுங்கள். குழாய்களில் தங்கிய விந்தணுக்களால் சில வாரங்களுக்குச் சினையாக்கும் திறன் மிச்சமிருக்கும். அதன் பிறகும் பழக்கத்தால் ஏறுவான், பிணையவும் கூடும்.

பூச்சிக்கு ஏழாம் வயதில், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் செய்து அது தாங்கும் என்று உறுதியான பிறகு அறுவை நடந்தது. தையல் பிரிக்கும் வரை பத்து நாள், கூடத்து இரும்பு கேட் கடைசியாக ஒரு முறை மூடியிருந்தது. தையல் மேல் செவலை பாய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக. அட்டை இன்னும் அங்கேயே தொங்குகிறது, “பூச்சி உள்ளே” என்ற பக்கம் வெளியே தெரிய.